கூப்பிடு தூரம்

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள். அந்தச் சரிவு முடிவதற்குள் கூப்பிடுவாள் என்று இருந்தேன், சரிவு முடிந்து பாதை இடது பக்கம் வளைந்தும் ஆயிற்று, சரி, வளைவைத் தாண்டினால் நான் கண்ணுக்கு மறைந்துவிடுவேன், அப்போது பயம் வந்து கூப்பிடுவாள் என்று இருந்தேன், அதுவும் ஆயிற்று. ஏனுங்க என்று ஒரே ஒரு வார்த்தை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு மட்டும் வாய் என்ன கட்டிக்கொண்டதா. நான் நடப்பேன், அவள் கூப்பிடுவாள், நான் நிற்பேன், முகத்தைத் திருப்பாமல் அப்படியே நிற்பேன், அவள் வந்து சேர்ந்துகொள்வாள், எங்கள் வீட்டில் சண்டை முடிகிற விதம் அதுதான். வேறு விதம் எனக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையில் தரகு பண்ணி மேலே வந்தவன் நான். விலை ஒத்துவரவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட வேண்டும், வேகமாகவும் கூடாது, மெதுவாகவும் கூடாது, விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிடுவான், அவன் கூப்பிடுகிற குரலிலேயே எவ்வளவு இறங்கியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தால் போச்சு. நமக்கு அந்த மாடு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவன் வைத்ததுதான் விலை. துளசிமணிக்கும் இது தெரியும். தெரிந்துதானே அந்தப் பாறையில் உட்கார்ந்தாள். "எனக்கு முடியலீங்க, நீங்க போயி ஏரியப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்றாள். "முடியலையா, மனசில்லையா" என்றேன். நீலச் சால்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். முடியாது என்பதெல்லாம் பேச்சை ஆரம்பிக்கிற விலை, அதை யாராவது கடைசி விலையாக எடுத்துக்கொள்வார்களா. "அப்ப இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்துகொண்டிருக்கிறேன். மூச்சு வாய்வழியாகப் போகிறது. இந்த மலையில் காற்றிலும் கலப்படம், எத்தனை இழுத்தாலும் நெஞ்சு நிறைய மாட்டேன் என்கிறது. கால் வைக்கிற இடமெல்லாம் உடைந்த கல், நடுவில் நம் ஊர்க் கோரை மாதிரி ஒரு மஞ்சள் புல், மரம் என்று ஒன்றுகூட இல்லை, மரமே முளைக்காத இடத்தில் மனுசனுக்கு என்ன வேலை என்று காலையிலேயே கேட்டாள். அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

காலையில் இட்லியைத் தொடவில்லை. பெருந்துறையிலிருந்து ஒரு பஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு, சமையல்காரரையும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு ரயிலேறி வந்திருக்கிறோம், மணாலிக் குளிரில் அந்த மனிதர் மாவைக் கம்பளியில் சுற்றிப் புளிக்கவைத்து இட்லி ஊற்றியிருக்கிறார், இவள் ஒரு விள்ளலை வாயில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. தலைவலி முந்தாநாளே இருந்தது. எங்களை டூர் கூட்டி வந்த சென்னியப்பன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, ஏரிக்குச் சின்னப் பசங்க மட்டும் போவட்டும். ஏத்தம் அதிகம், மேல காத்தும் கம்மி. நீங்க அக்காவக் கூட்டிக்கிட்டுக் கடைவீதியப் பாருங்க" என்றான். "ஏன், எனக்கு என்ன பல்லா கொட்டிப்போச்சு" என்றேன். "பல்லு இருக்குதுங்கண்ணா, கோவம் அதவிட நெறைய இருக்குது" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஏறிவிட்டது. ரெண்டு பேரும் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். சரி, இவளுக்குக் குதிரை பேசலாம் என்று வண்டி இறக்கிவிட்ட பாலத்துப் பக்கம் நின்றவனிடம் போனேன். அவன் ஒரு விலை சொன்னான். நூறு பேர் பார்க்க வாயால் விலை பேசுகிறது எனக்குப் பழக்கமில்லை, துண்டை விரித்து அவன் கையின் மேல் போட்டு உள்ளே அவன் விரலைப் பிடித்தேன். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை நூறு, அழுத்தினால் முடிவு, எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவன் தேள் கொட்டினவன் மாதிரி கையை உதறினான். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னவோ சொன்னான், அத்தனை பேரும் சிரித்தார்கள், ஒருவன் தன் கையை இன்னொருவன் கையில் கொடுத்து வளைந்து வளைந்து காட்டினான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கூப்பிடுவான் என்று நடந்தேன். பாலம் தாண்டியும் கூப்பிடவில்லை. அந்தக் குதிரை வேறு யாரோ ஒரு அம்மாளை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டியே மேலே போயிற்று. இவள் அதைப் பார்த்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். ஒரே நாளில் ரெண்டு தடவை நடப்பது என்றால் எப்படி. நடந்து, யாரும் கூப்பிடாமல், நானாகத் திரும்பி வருவது. அதற்கு இந்தப் பள்ளத்திலேயே விழுந்துவிடலாம்.

அந்தக் கல் விழுந்த சத்தம் என்ன. நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கல் உருண்டது. பெரிய கல் இல்லை. உருண்டு, எதிலோ பட்டு, நின்றது. ஆடு மாடு ஏதாவது தட்டிவிட்டிருக்கும். ஆடு எங்கே இருக்கிறது இங்கே. இருக்கும், மேலே எங்கேயோ மணிச் சத்தம் கேட்டதே. அது அதற்கு முன்னால். காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், குதிகால் பட்டு உருண்டிருக்கும். உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தால்கூட உருளும். சாய மாட்டாள். ஓடையைத் தாண்டும்போது ஏன் அப்படி நடந்தாள். கள்ளுக் குடித்தவள் மாதிரி கால் ஒரு பக்கம் போனால் உடம்பு ஒரு பக்கம் போயிற்று, வைக்க வேண்டிய கல்லில் வைக்காமல் தண்ணீரிலேயே வைத்தாள், செருப்பு நனைந்தது, நனைந்ததே தெரியாமல் வந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உதடு கருத்திருந்தது. நாவல்பழம் தின்ற மாதிரி. அதையும் பார்த்தேன். கண்ணாபுரம் சந்தையில் அம்பது மாட்டுக்கு நடுவே நிற்கிற ஒரு மாட்டை இந்தக் கோடியிலிருந்து பார்த்து இதற்கு உள்ளே சீக்கு என்று சொல்வேன், மூக்கு காய்ந்திருக்கிறதா, காது தொங்குகிறதா, நிற்கிற நிலையில் கால் மாற்றுகிறதா என்று ஒரு நோட்டம் போதும், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இது மாடாக இருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன். சீ. என்ன நினைப்பு இது. மாட்டையும் அவளையும் ஒன்றாக வைத்து. ஆனால் நினைத்தது நினைத்ததுதானே, உதட்டைப் பார்த்த அந்த நொடியிலேயே மனசுக்குள் விலை இறங்கிவிட்டது, சீக்கு என்று கண் சொல்லிவிட்டது, வாய்தான் நடிப்பு என்றது. திரும்பிப் பார்த்தால் என்ன. யார் இருக்கிறார்கள் இங்கே பார்க்க. கழுத்து வரமாட்டேன் என்கிறது. அந்தியூர்ச் சந்தையில் மயிலப்பன் சாட்டையால் அடித்த இடம் கழுத்துக்குக் கீழே இன்றைக்கும் தடித்து இருக்கிறது. அவருக்குக் கீழே வேலை பார்த்த காலம். ஒரு ஜோடி மயிலைக் காளை, பேச்சு முறிந்து ரெண்டு பேரும் நடந்தோம், நல்ல காளை, போய்விடுமோ என்று நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். விற்கிறவன் அதைப் பார்த்துச் சிரித்தான். மயிலப்பன் அங்கேயே, சந்தை பார்க்க, என் முதுகில் இழுத்தார். "கழுத்த ஒடிச்சுப்போடுவேன், திரும்பறயாடா" என்றார். அதற்குப் பிறகு நான் எதற்கும் திரும்பவில்லை. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இவளையும் பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தபோதும் திரும்பவில்லை, கைக்குழந்தையோடு ஓடி வந்து கூப்பிட்டாள். அப்போதெல்லாம் ஓடி வருவாள். இப்போது ஓட முடியாது. ஓட முடியாதுதான், கூப்பிடக்கூடவா முடியாது.

செருப்புச் சத்தம். பின்னால் யாரோ வருகிறார்கள். வந்துவிட்டாள் பார், நான் சொல்லவில்லையா, கோபத்தில் கூப்பிடாமலேயே வந்துவிட்டாள். நடையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறேன். இல்லை. இது பூட்ஸ் சத்தம், சின்ன வயசு நடை. கையில் ரெண்டு குச்சி ஊன்றிக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போய் நின்று, மூச்சு வாங்க, இந்தியில் கேட்கிறாள். மாடு பிடிக்க மராட்டியம் வரை போனவன், நாலு வார்த்தை எனக்குத் தெரியும். கீழே பாறையில் நீலச் சால்வை போட்ட அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், உங்களோடு வந்தவர்களா என்கிறாள். நான் ரெண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தேன், பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்கிறாள். என் வாய் இல்லை என்கிறது. யாரென்று தெரியாது என்கிறது. அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள், என் வேட்டி, என் துண்டு, தலையில் கட்டியிருக்கிற மப்ளர், கீழே இருப்பவளின் சேலைக் கட்டு எல்லாவற்றையும் அந்தப் பார்வை சேர்த்துப் பார்க்கிறது, பிறகு சரி அங்கிள் என்று போய்விடுகிறாள். ஏன் இல்லை என்றேன். ஏன் என்றால், ஆள்விட்டுக் கூப்பிடுவது என்று ஒன்று இருக்கிறது, விற்கிறவனுக்குக் கௌரவம் பார்த்துத் தானாகக் கூப்பிட வராது, மூன்றாவது ஆள் ஒருவனை அனுப்புவான், அந்த மாட்டுக்காரர் கேட்கச் சொன்னார் என்று வந்து நிற்பான், அவனிடம் எந்த மாடு, எனக்குத் தெரியாதே என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் இன்னும் இறங்குவான். அந்தப் பெண்ணைத் துளசிமணிதான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். நினைத்தேனா. யோசித்து நினைக்கவில்லை, அது தானாக வந்தது, கையில் ஈ உட்கார்ந்தால் உதறுகிற மாதிரி. எப்படி அனுப்புவாள், இவளுக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. அதனால்தான் பதில் சொல்லவில்லை. ஆமாம், அதனால்தான். அந்தப் பெண் இந்தியில் கேட்டிருப்பாள், இவள் விழித்திருப்பாள். விழித்தாள் என்று அந்தப் பெண் சொல்லவில்லையே. தெரியாத பாஷையில் கேட்டாலும் கையையாவது ஆட்டுவாள், சிரிப்பாள், யாரைக் கண்டாலும் சிரிக்கிறவள், டெல்லி ரயிலில் பாஷை தெரியாத கிழவியோடு விடிய விடியப் பேசிக்கொண்டு வந்தவள். பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெண்டாட்டியைப் பாறையில் வைத்துவிட்டு யாரென்று தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். சரி, இப்போது திரும்பு. இதற்கு மேல் என்ன. ஏரி வந்துவிட்டது என்கிறது பாதை, அந்த மேட்டில் கல்லை அடுக்கிக் கலர்த் துணி கட்டியிருக்கிறார்கள், அதற்கு அந்தப் பக்கம்தான். ஏரியைச் சுற்றி வந்தால் பாதையைப் பார்த்த மாதிரி நிற்கலாம், அது திரும்பியதாகாது. என்ன கணக்கு இது. செத்த பிறகும் இந்தக் கணக்குப் போடுவேன் போலிருக்கிறது.

மேட்டில் ஏறினதும் காற்று முகத்தில் அறைகிறது. மப்ளர் பின்பக்கமாகப் பறக்கிறது, துண்டு பறக்கிறது, எல்லாம் பின்னால், கீழே, நான் வந்த திசையில் நீட்டிக்கொண்டு படபடக்கின்றன. அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினவன் தூக்கினபடி நிற்கிறேன். கீழே இருந்து கூப்பிட்டால் இந்தக் காற்றில் எப்படிக் கேட்கும். காலையிலிருந்து காற்று எதிர்க்காற்று. முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, குளிர் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் குரலை அப்படியே வாரிக்கொண்டு கீழே பாலத்துக்கே போயிருக்கும். கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிடாமல் இருக்க மாட்டாள், அவள் கூப்பிடாமல் இருந்ததே கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், நான் காது கேட்காதவன் மாதிரி கல்லுக்கு மேல் கல்லாகத் தாண்டி ஏறியிருக்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டாளோ. எந்தத் தடவையோடு நிறுத்தினாளோ. முன்னால் ஏரி கிடக்கிறது. பூ விழுந்த மாட்டுக் கண். நடுவில் வெள்ளையாகப் பனி, ஓரத்தில் கறுப்புத் தண்ணீர், அசைவில்லை. இதற்குத்தான். அந்தப் பெண் கரையில் குந்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் தமிழிலேயே கத்துகிறேன், "அம்மிணி, அது என் சம்சாரம். கீழ இருக்கறது என் சம்சாரம்." அவளுக்குப் புரிய இந்தி வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பைக்குள் போட்டாள், குச்சியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் கீழே ஓடினாள். ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுகிறாள். நான் அவள் பின்னால். திரும்பியாயிற்று. எவ்வளவு சுலபம், கழுத்து ஒடியவில்லை. ஒரு தடவை விழுந்து உள்ளங்கை கிழிந்தது, வேட்டி கிழிந்தது. துளசி என்று கத்துகிறேன். அவள் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஏ என்பேன், இந்தா என்பேன், வாயில் ஒட்டாத பேராக இருக்கிறது. இப்போது காற்று முதுகில். இந்தக் குரல் போகும். இது அவளுக்குக் கேட்கும். கேட்டால் தலையைத் தூக்குவாள். வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் பாறை, பாறையில் நீலம். அதே இடம். அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கீழே கையைக் காட்டி, குதிரை கொண்டு வருகிறேன் என்று கத்திவிட்டு இறங்கி ஓடுகிறாள்.

உயிர் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது. மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம், உதட்டோரம் நுரை, கை ஐஸாக இருக்கிறது. "புள்ள, எந்திரி, போலாம்" என்கிறேன். என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை, கடைக்காரனைப் பார்க்கிற பார்வை. "ஏனுங்கண்ணா" என்கிறாள். அண்ணா என்கிறாள். "மேல இருந்தா வாரீங்க? எங்கூட்டுக்காரரு போயிருக்கறாருங்க. வேட்டி கட்டியிருப்பாரு. பாத்தீங்களா?" நான்தான் என்று சொல்ல வாய் திறக்கிறேன், எது வந்தது தெரியுமா, "பாத்தேம்மா, வந்துட்டிருக்கறாரு" என்றுதான் வந்தது. "வரட்டுமுங்க. அவருக்குத் தண்ணி என்ற பையிலதான் இருக்குது. குடிக்காமப் போயிட்டாரு" என்கிறாள். பேச்சு குழறுகிறது, நாக்குத் தடித்துப்போன மாதிரி. நான் குந்தி அவள் கைகளை எடுத்து என் தோளில் போட்டு முதுகில் ஏற்றுகிறேன். கண்ணால் பார்த்தே மாட்டுக்கு எடை சொல்கிறவன், இவள் என்ன கனம் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. துண்டால் அவளை என்னோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கிறேன். ரெண்டு அடி போவதற்குள் திமிறுகிறாள். "எறக்கி உடுங்கண்ணா. எவ்வளவு கேப்பீங்க தூக்கறதுக்கு?" "ஒண்ணும் வேண்டாம், சும்மா வா" என்கிறேன். உதைக்கிறாள், நிஜமாகவே உதைக்கிறாள், எனக்குக் கால் தடுமாறிப் பள்ளத்தின் விளிம்பு வரை போய் நிற்கிறேன். "சும்மான்னா வேண்டாமுங்க. சும்மா தரேங்கறவன நம்பாதேம்பாரு எங்கூட்டுக்காரரு. அவருக்குத் தெரிஞ்சா வையுவாரு. எறக்குங்க."

ஆயிரம் என்கிறேன். அதைச் சொன்னதும் உதைப்பது நிற்கிறது. என் காதுக்குள் அந்தக் கொதிக்கிற சத்தம். "ஆயரமா. இந்தா இருக்குது பாலம். எரநூறு" என்கிறாள். எரநூறு என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு, அஞ்சில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பிக்க. சேலைக்கடையில்கூட என் பின்னால் நின்றுகொண்டு வாயே திறக்க மாட்டாள், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். "எரநூறுக்கு என்ற செருப்புத் தேயாதும்மா. தொளாயிரம்" என்கிறேன். "உங்க செருப்பு புதுசாட்டத்தான் இருக்குது. முந்நூறு" என்கிறாள். அவளுக்கு என் செருப்பு தெரியாது, முகத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டு எப்படித் தெரியும், பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறாள். பேசட்டும். பேசுகிற வரைக்கும் இருக்கிறாள். முடிக்கக் கூடாது, முந்நூறுக்குச் சரி என்றால் விலை முடிந்துவிடும், பேச்சு முடிந்துவிடும், நான் எந்தச் சந்தையிலும் விலையை இழுத்தடித்தவன் இல்லை, இதை இழுக்க வேண்டும், பாலம் வரைக்கும் இழுக்க வேண்டும். "எறக்கத்துல தூக்கறது லேசுன்னு நெனச்சயா. எண்ணூத்தம்பது, அதுக்குக் கீழ பேசாதே." "நானூறு." "உன்ற வீட்டுக்காரரு இருந்தா எவ்வளவு குடுப்பாரு?" "அவரு... நடந்துருவாருங்க" என்கிறாள். ஓடை வந்துவிட்டது. தண்ணீரிலேயே இறங்குகிறேன், கல்லைத் தேட நேரமில்லை, குளிர் எலும்பைக் கடிக்கிறது. "எண்ணூறு. சொல்லு. எண்ணூறு." "நானூத்தி..." என்கிறாள். மிச்சம் வரவில்லை. "நானூத்தி எவ்வளவு? சரியாச் சொல்லு, அம்பதா?" தலை என் தோளில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருளுகிறது. தண்ணீர் சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஓடையைத் தாண்டினால் கேட்கும். தாண்டியாயிற்று, காற்று பின்னாலிருந்து அடிக்கிறது, பிடரியில் சுடுகிற மாதிரி இருப்பது அவள் மூச்சா என் வேர்வையா என்று தெரியவில்லை, இறக்கிப் பார்த்தால் தெரியும், இறக்க மாட்டேன். "எழுநூறு" என்கிறேன். "கேக்குதா, எழுநூறுக்கு வந்துட்டேன்." கீழே, ரொம்பக் கீழே, பாலத்துக்குப் பக்கத்தில் குதிரை ஒன்று எறும்பாகத் தெரிகிறது, அது ஏறுகிறதா நிற்கிறதா. "அறுநூறு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு, அறுநூறு." பதில் இல்லாத இடத்தில் விலையைக் குறைக்கிறவன் பைத்தியக்காரன். "ஐநூறு" என்கிறேன். "சரி, நீ சொன்னதே, நானூத்தம்பது." கட்டின துண்டு நழுவுகிறது, இழுத்து முடிந்துகொள்கிறேன். "நானூறு" என்கிறேன். குதிரை ஏறத்தான் செய்கிறது. "முந்நூறு."